கேட்காத ஊருக்கு நாற்பது வருடம்

(குடும்பங்கள் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியது. வர முடியாத உறவுகள் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தருகிறோம்.)

நைட் ஷிப்டு முடித்துத் தூங்காமல் வந்தவர்கள் இருக்கிறீர்கள். பிள்ளைகளை டியூஷனில் விட்டுவிட்டு வந்தவர்கள் இருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் தொடங்குகிறேன்.

போன மாதம் ஒரு கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். ஓர் அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். "தம்பி, நீங்களும் வந்து வந்து பேசுறீங்க. நாங்களும் வந்து வந்து உக்கார்றோம். மகஜர் கொடுத்தாச்சு, போலீஸ் ரிப்போர்ட் கொடுத்தாச்சு. மேல இருக்கிறவனும் கேக்கல, நம்ம ஆளுங்களும் கேக்கல. அப்புறம் எதுக்குத் தம்பி தொண்டையக் கிழிச்சுக்கறீங்க?" என்றார். அதில் கிண்டல் இல்லை. என் மேல் உள்ள அக்கறையில்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. "பார்ப்போம்மா" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டேன். லாயருக்கு வாயில் பதில் இல்லை என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆனால் அதுதான் நடந்தது.

இன்று அந்த அம்மாவுக்குப் பதில் சொல்ல முயல்கிறேன். அதற்கு நான் எடுத்துக்கொள்வது எரேமியா என்ற பழைய எபிரேயத் தீர்க்கதரிசியின் கதை. இங்கே பெரும்பாலோர் இந்துக்கள், கிறிஸ்துவர்களும் சிலர் இருக்கிறீர்கள். யாரையும் மதம் மாற்ற நான் வரவில்லை, பயப்பட வேண்டாம். 2,600 வருடங்களுக்கு முன் ஒரு மனிதர் ஏறக்குறைய நாற்பது வருடம் ஒரே ஊருக்குப் பேசினார். அந்த ஊர் கேட்கவில்லை. அந்த நாற்பது வருடமும் அவர் என்ன செய்தார் என்பதைத்தான் நாம் பார்க்கப் போகிறோம்.

எருசலேமுக்கு வடகிழக்கே, நடந்து போகிற தூரத்தில், ஆனதோத்து என்று ஒரு கிராமம். எரேமியா அங்கே ஒரு பூசாரிக் குடும்பத்தில் பிறந்தவர். யோசியா அரசனின் 13-ஆம் ஆண்டில், கி.மு. 627 வாக்கில், பேசும்படி கடவுளின் அழைப்பு வந்தது என்று அவருடைய நூல் சொல்கிறது. அவர் ஆசையோடு ஓடி வரவில்லை. நான் சின்னப் பையன், எனக்குப் பேசத் தெரியாது என்றுதான் தட்டிக் கழித்தார். தொடக்கத்திலேயே அவரிடம் ஒன்று சொல்லப்பட்டுவிட்டது. அரசன், அதிகாரி, பூசாரி, பொதுமக்கள் எல்லோரும் உன்னை எதிர்ப்பார்கள். பிறகு இன்னும் தெளிவாக, நீ பேசுவாய், அவர்கள் கேட்க மாட்டார்கள் என்றும் சொல்லப்பட்டது. நம்மில் யாராவது அப்படி ஒரு வேலைக்கு இன்டர்வியூவுக்குப் போவோமா?

அவர் பேசிய பேச்சுகளில் பெரிய வம்பை இழுத்தது கோயிலில் பேசியது. யோயாக்கீம் அரசனாகிய தொடக்கத்தில், கி.மு. 609-ஐ ஒட்டி. கோயில் வாசலில் நின்றுகொண்டு, வழிபட வந்த கூட்டத்தைப் பார்த்து அவர் சொன்னதன் சாரம் இதுதான்: இது கடவுளின் கோயில், இது கடவுளின் கோயில் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் தப்பித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். வேற்று நாட்டான், அப்பா அம்மா இல்லாத பிள்ளை, விதவை, இவர்களை நசுக்குவதை முதலில் நிறுத்துங்கள். திருந்தாவிட்டால் இந்தக் கோயிலுக்கும் சீலோவின் கதிதான். சீலோ என்பது வடக்கே முன்னொரு காலத்தில் கோயில் இருந்து பாழாய்ப் போன ஊர். கேட்டவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

உடனே பூசாரிகளும் மற்றத் தீர்க்கதரிசிகளும் கூட்டத்தோடு சேர்ந்து அவரைப் பிடித்துக்கொண்டார்கள். இவன் சாக வேண்டும் என்றார்கள். அரண்மனையிலிருந்து அதிகாரிகள் வந்து, கோயிலின் புதிய வாசலில் உட்கார்ந்து விசாரித்தார்கள். எரேமியாவின் நூலில் 26-ஆம் அதிகாரம். சட்டம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதை ஒரு கோர்ட்டுக் குறிப்பு மாதிரியே படிக்கலாம். குற்றச்சாட்டு: இந்த நகரத்துக்கு விரோதமாகப் பேசினான். இந்தக் குற்றச்சாட்டு உங்களுக்குப் புதிதாக இருக்காது. நம் நாட்டில் 1948-இல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த தேச நிந்தனைச் சட்டத்தைப் பற்றி நான் உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

எரேமியாவின் எதிர்வாதம் மிகவும் சின்னது. நான் அப்படிச் சொல்லவில்லை என்று அவர் சொல்லவில்லை. கோபத்தில் வாய் தவறிவிட்டது என்றும் சொல்லவில்லை. என்னை அனுப்பியவர் கடவுள், நீங்கள் கேட்ட எல்லாமே நான் சொன்னதுதான், இப்போதாவது நடத்தையை மாற்றிக்கொள்ளுங்கள் என்று, குற்றவாளிக் கூண்டில் நின்றுகொண்டு அதே பேச்சைத் திரும்பப் பேசினார். நான் உங்கள் கையில் இருக்கிறேன், உங்களுக்குச் சரி என்று படுவதைச் செய்யுங்கள், ஆனால் குற்றமில்லாதவன் இரத்தம் உங்கள் தலைமேல் வரும் என்றும் சொன்னார். என் கட்சிக்காரர் ஒருவர் இப்படிப் பேசினால் மேசைக்கு அடியில் காலைத் தட்டி நிறுத்தியிருப்பேன்.

பிறகு சில பெரியவர்கள் எழுந்து ஒரு முன்வழக்கைச் சொன்னார்கள். சுமார் நூறு வருடங்களுக்கு முன், எசேக்கியா அரசன் காலத்தில், மீகா என்ற கிராமத்துக்காரர் எருசலேம் உழுத வயலாய்ப் போகும் என்று பேசினார். எசேக்கியா அவரைக் கொன்றானா? இல்லையே, கடவுளுக்குப் பயந்தானே! ஆக, அவரைக் கொல்லக் கூடாது. இதற்குப் பக்கத்திலேயே நூல் இன்னொரு வழக்கையும் வைக்கிறது. ஊரியா என்று ஒருவர், எரேமியா பேசியதையே பேசியவர். பயந்து எகிப்துக்கு ஓடினார். யோயாக்கீம், எல்நாத்தான் என்ற அதிகாரியை ஆட்களோடு அனுப்பி, அங்கிருந்து பிடித்து வரச் செய்து, வாளால் வெட்டி, உடலைச் சாதாரண சனங்களின் புதைகுழியில் போட்டான். ஒரே பேச்சு, ஒரே அரசன். ஒருவர் பிழைத்தார், ஒருவர் பிழைக்கவில்லை. எரேமியாவுக்குப் பின்னால் சாப்பான் குடும்பத்து அகீக்காம் என்ற செல்வாக்குள்ள மனிதர் நின்றார். ஊரியாவுக்கு அப்படி யார் நின்றார் என்று நூல் சொல்லவில்லை. உண்மை பேசுகிறவனைக் கடவுள் எப்படியும் காப்பாற்றுவார் என்று மேடையில் முழங்குகிறவர்கள் ஊரியாவின் பெயரை ஏன் சொல்வதில்லை என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

தீர்ப்பு விடுதலை. கூட்டமும் ஒத்துக்கொண்டது. ஆனால் கவனியுங்கள். ஆளை விட்டார்களே தவிர, அவர் சொன்னதை ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை. கோயிலில் வழக்கமான பூசை நடந்தது, விதவையின் வழக்கு வழக்கம்போல் தள்ளிப்போனது.

இதே யோயாக்கீம் தனக்கு ஒரு மாளிகை கட்டினான். பெரிய பெரிய மேல்மாடி அறைகள், அகலமான சன்னல்கள், கேதுரு மரப் பலகை, சிவப்புச் சாயம். வேலை செய்தவர்களுக்குக் கூலி கொடுக்கவில்லை. எரேமியா அதை நேராகச் சொன்னார்: அடுத்தவனைச் சும்மா வேலை வாங்கி, கூலியைக் கொடுக்காமல் வீடு கட்டுகிறவனுக்குக் கேடு. கேதுரு மரத்தில் போட்டி போட்டால் அரசனாகிவிடுவாயா? உன் அப்பா யோசியாவும் சாப்பிட்டான், குடித்தான், நன்றாகத்தான் இருந்தான். ஆனால் அவன் ஏழையின் வழக்கை விசாரித்தான். கடவுளை அறிவது என்றால் அதுதானே என்று கேட்டார். கடைசியில், செத்த கழுதையை இழுத்துப் போடுகிற மாதிரி உன்னைப் போடுவார்கள் என்றும் சொன்னார். சம்பளப் பாக்கி கேட்டு லேபர் ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். 22-ஆம் அதிகாரம் உங்களுக்கு உரியது. எடுத்துப் படித்துப் பாருங்கள்.

கி.மு. 605-இல் பாபிலோன் படை கர்க்கேமிசில் எகிப்தை முறியடித்தது. எரேமியா எச்சரித்துக்கொண்டிருந்தது கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது. அந்த வருடம்தான் அவர் கணக்குப் போட்டுச் சொன்னார்: 23 வருடமாகச் சொல்லி வருகிறேன், நீங்கள் கேட்கவில்லை. இருபத்து மூன்று! நாம் இரண்டு மூன்று பொதுத்தேர்தலுக்குள் சோர்ந்துபோகிறோம்.

அப்போது கோயிலுக்குள் போக அவருக்குத் தடை. அதனால் எழுத ஆரம்பித்தார். அவர் சொல்லச் சொல்ல, பாருக்கு என்ற எழுத்தர் சுருளில் மையால் எழுதினார். அடுத்த வருடம் ஒரு நோன்பு நாளில், ஊர் கூடியிருந்தபோது, சாப்பானின் மகன் கெமரியாவின் அறையிலிருந்து பாருக்கு அதை வாசித்தார். செய்தி அதிகாரிகளுக்குப் போனது. அவர்கள் கேட்டுப் பயந்துபோய், நீயும் எரேமியாவும் எங்காவது ஒளிந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அரசனிடம் போனார்கள். குளிர்காலம். அரசன் முன்னால் கணப்பில் நெருப்பு எரிகிறது. யெகூதி என்ற அதிகாரி வாசிக்கிறான். மூன்று நான்கு பத்தி வாசித்ததும், எழுத்தரின் பேனாக்கத்தியால் அந்தத் துண்டை அறுத்து நெருப்பில் போடுவது. இன்னும் கொஞ்சம் வாசிப்பது. அறுத்துப் போடுவது. இப்படியே சுருள் முழுவதும் எரிந்தது. கெமரியா உட்பட மூன்று பேர் வேண்டாம் என்று கெஞ்சினார்கள். அந்த மூவரில் ஒருவன் யார் தெரியுமா? ஊரியாவை எகிப்திலிருந்து பிடித்து வந்த அதே எல்நாத்தான். மனிதர்களை ஒரே கட்டமாக எழுதி மூடிவிட முடியாது.

இதில் உறைக்கிற இடம் ஒன்று உண்டு. இந்த அரசனின் அப்பா யோசியாவின் 18-ஆம் ஆண்டில், கி.மு. 622-இல், கோயிலைச் செப்பனிடும்போது ஒரு பழைய சட்டச்சுருள் கிடைத்தது. அதை யோசியாவுக்கு வாசித்தவர் எழுத்தர் சாப்பான், அதாவது கெமரியாவின் அப்பா. கேட்டதும் யோசியா தன் துணியைக் கிழித்துக்கொண்டான். மகனோ சுருளைக் கிழித்தான். எபிரேயத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வினைச்சொல்தான். 1982-இல் எருசலேமின் தாவீது நகரப் பகுதியில் நடந்த அகழாய்வில், சாப்பானின் மகன் கெமரியா என்று பெயர் பொறித்த ஒரு களிமண் முத்திரை கிடைத்தது. சுருள்கள் எரிந்த ஊரில், நெருப்பில் வெந்து கெட்டியான முத்திரை மண் மிச்சம்!

எரேமியா என்ன செய்தார்? இன்னொரு சுருள் எடுத்தார். எரிந்ததை எல்லாம் திரும்பச் சொன்னார், பாருக்கு திரும்ப எழுதினார். முன்பு இல்லாத விஷயங்களும் அதில் சேர்ந்தன என்று நூல் சொல்கிறது. நம் மகஜர்கள் எந்த அலமாரியில் கிடக்கின்றன என்று தெரியாத நாட்களில் எனக்கு இந்த இடம் நினைவுக்கு வரும். நகல் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் எப்போதும் உங்களை நச்சரிப்பதும் அதனால்தான்.

கி.மு. 597-இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, இளம் அரசனையும் முக்கியமானவர்களையும் கொண்டுபோய்விட்டு, சிதேக்கியாவை அரியணையில் வைத்தான். சில வருடங்களில் மறுபடியும் கலகப் பேச்சு. எரேமியா மாட்டு நுகத்தடி ஒன்றைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தார். பாபிலோனுக்குப் பணிந்து உயிர் பிழையுங்கள் என்று அதற்கு அர்த்தம். அப்போது அனனியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி, கோயிலில், எல்லோருக்கும் முன்னால், இரண்டே வருடத்தில் பாபிலோன் நுகம் உடையும், கொண்டுபோன எல்லாம் திரும்பி வரும் என்று அறிவித்து, எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைத்தும் போட்டார். கூட்டத்துக்கு எவ்வளவு குளிர்ச்சியாக இருந்திருக்கும்!

எரேமியா கத்தவில்லை. ஆமென், நீ சொல்கிறபடியே கடவுள் செய்யட்டும் என்றார். அதில் கேலி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவருக்கும் அது நடக்க வேண்டும் என்ற ஆசைதான். ஆனால் நல்லது நடக்கும் என்று சொல்கிறவனை, அது நடந்த பிறகுதான் நம்ப முடியும் என்று மட்டும் சொன்னார். நுகம் உடைந்த பிறகு ஒன்றும் பேசாமல் தன் வழியே போய்விட்டார். பிறகுதான், மர நுகத்துக்குப் பதில் இரும்பு நுகம் வரும் என்ற வார்த்தையோடு திரும்பி வந்தார். அந்த நடுவில் அவர் நடந்துபோன தூரத்தை நினைத்துப் பாருங்கள். எல்லோரும் கைதட்டுகிற ஆளை விட்டுவிட்டு, தனியாக.

எனக்கும் ஒரு தோட்டத்தில் இப்படி நடந்தது. லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லி ஒரு தாள் வந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டி, கையெழுத்துப் போடாதீர்கள், பதில் எழுதுவோம் என்று சொன்னேன். மறுவாரம் வேறொருவர் வந்தார், நல்ல சட்டை, நல்ல பேச்சு, ஆறு மாதத்தில் எல்லோருக்கும் கல்வீடு என்றார். அன்று சாயந்தரமே பாதிப் பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். என்னைப் பார்த்து, "லாயர் வந்தாலே கெட்டதுதான் பேசுவாரு" என்றார் ஒரு அண்ணன். ஆறு மாதமும் போனது, வீடும் வரவில்லை. அதே அண்ணன் என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றபோது, அன்றைக்கே சொன்னேனே என்ற வார்த்தை என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. சொல்லவும் செய்தேன். அவர் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை. எரேமியாவும் ஒரு தடவை சொல்லத்தான் செய்தார்: பாபிலோன் வராது என்று சொன்ன உங்கள் தீர்க்கதரிசிகள் இப்போது எங்கே என்று, சிறையிலிருந்து, அரசனிடமே கேட்டார். அதனால் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். ஆனால் அவர் அரசனிடம் கேட்டார், நான் வீடு போன ஒரு தொழிலாளியிடம் கேட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். யாரும் கேட்கவில்லை என்பதாலேயே நாம் பேசுவது சரி என்று ஆகிவிடாது. எங்களைப் போன்றவர்களுக்கு அந்த வியாதி சீக்கிரம் பிடிக்கும். கூட்டம் குறையக் குறைய, நாங்கள்தான் உண்மையானவர்கள் என்ற பெருமை ஏறும். எரேமியாவிடம் அந்தப் பெருமை தெரியவில்லை. பேசாமல் இருந்துவிடுவோம் என்று முயன்றேன், எலும்புக்குள் நெருப்பு மாதிரி இருந்தது, அடக்க முடியவில்லை என்று புலம்பினார். பிறந்த நாளையே சபித்தார். கடவுள் தன்னை ஏமாற்றிவிட்டதாகவும் குற்றம் சாட்டினார். தன் மக்களுக்காக இரவும் பகலும் அழக் கண்ணீர் போதவில்லை என்றார்.

இப்போது முற்றுகைக் காலத்துக்கு வருகிறேன். நான் உங்களுக்குச் சொல்ல வந்ததில் பெரிய பங்கு இங்கேதான். பாபிலோன் படை எருசலேமைச் சூழ்ந்துவிட்டது, கி.மு. 588 வாக்கில். மற்ற ஊர்கள் ஒவ்வொன்றாக விழுந்து, கோட்டை ஊர்களில் லாகீசும் அசெக்காவும் மட்டும் மிச்சம். 1935-இல் லாகீசில் நடந்த அகழாய்வில் பானை ஓடுகளில் மையால் எழுதிய கடிதங்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்றில் காவல் இருந்த ஒருவர், லாகீசின் தீ அடையாளங்களுக்காகக் காத்திருக்கிறோம், அசெக்காவைக் காண முடியவில்லை என்று எழுதியிருக்கிறார்.

அந்த நெருக்கடியில் சிதேக்கியா அரசன் ஒரு நல்ல காரியம் செய்தான். எபிரேய அடிமைகளை எல்லாம் விடுவிப்பது என்று ஓர் ஒப்பந்தம். இது ஒன்றும் புதிய சலுகை இல்லை. கடனுக்காக அடிமையானவன் ஆறு வருடம் உழைத்தால் ஏழாவது வருடம் விட்டுவிட வேண்டும் என்பது அவர்களுடைய பழைய சட்டத்திலேயே இருந்தது. தலைமுறை தலைமுறையாக யாரும் அதைச் செயல்படுத்தவில்லை. இப்போது பாபிலோன்காரன் வாசலில் நிற்கும்போது சட்டம் ஞாபகம் வந்தது. கோயிலில், கடவுள் முன்னால், கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டி, துண்டுகளுக்கு நடுவே நடந்து சத்தியம் செய்தார்கள். மீறினால் எங்களுக்கும் இந்தக் கதி என்பது அந்தச் சடங்கின் அர்த்தம். அதிகாரிகள், பூசாரிகள், நிலமுள்ளவர்கள் எல்லோரும் நடந்தார்கள். அடிமைகள் வெளியே வந்தார்கள். ஆணும் பெண்ணும்.

பிறகு எகிப்துப் படை வருகிறது என்று செய்தி வந்தது. பாபிலோன்காரன் முற்றுகையை விட்டு அந்தப் பக்கம் போனான். ஊர் மூச்சு விட்டது. உடனே முதலாளிகள் செய்த முதல் வேலை, விட்டவர்களைத் திரும்பப் பிடித்து அடிமையாக்கியது!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இருபது நாளோ ஒரு மாதமோ சுதந்திரமாக நடந்த ஒரு பெண், திரும்ப அதே வீட்டு அடுப்படிக்கு. கையில் எழுத்து இருந்தது, கோயிலில் செய்த சத்தியம் இருந்தது, சட்டமும் அவள் பக்கம் இருந்தது. ஆபத்து விலகியது என்று தெரிந்ததும் எல்லாம் காற்றில் போயிற்று. வாக்குறுதி எப்போது கிடைக்கிறது, எப்போது பறிபோகிறது என்று இந்த 34-ஆம் அதிகாரத்தைப் போல் காட்டிய எழுத்தை நான் சட்டக் கல்லூரியில் படித்ததில்லை. எரேமியா அன்று பேசியது கடுமையாக இருந்தது. நீங்கள் அவர்களுக்கு விடுதலை கொடுக்கவில்லை, அதனால் உங்களுக்கு ஒரு விடுதலை அறிவிக்கிறேன்: வாளுக்கும் நோய்க்கும் பஞ்சத்துக்கும் உங்களை விட்டுவிடுகிறேன் என்று கடவுள் சொல்வதாகச் சொன்னார். போன படை திரும்பி வரும் என்றார். வந்தது.

அதற்குள் அவர் கைதாகியிருந்தார். படை விலகிய நேரத்தில் சொந்த ஊர்ப் பக்கம் நிலம் சம்பந்தமாகப் போகக் கிளம்பியவரை வாசலிலேயே பிடித்து, எதிரியிடம் ஓடுகிறாய் என்று அடித்து, நிலவறையில் போட்டார்கள். பிறகு காவல் முற்றத்துக்கு மாற்றி, நாளுக்கு ஒரு ரொட்டி. அங்கே இருந்தபடிதான் சித்தப்பா மகனிடமிருந்து ஆனதோத்து நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்கினார். எதிரிப்படை நிற்கிற மண்ணைப் பணம் கொடுத்து வாங்குகிறார்! அதையும் அரைகுறையாகச் செய்யவில்லை. சாட்சிகள், எடை போட்ட வெள்ளி, இரண்டு பத்திரம், ஒன்று முத்திரையிட்டது, ஒன்று திறந்தது, இரண்டையும் மண்பானையில் வைத்துப் பத்திரப்படுத்தச் சொன்னார். இப்படி முத்திரையிட்ட பிரதியும் திறந்த பிரதியும் சேர்ந்த பத்திரங்கள் யூதேயப் பாலைவனத்தில் பின்னாளில் உண்மையிலேயே கிடைத்திருக்கின்றன. 1961-இல் ஒரு குகையில் பாபத்தா என்ற பெண்ணின் பத்திரக்கட்டில், கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. நிலம் பார்க்கிற லாயர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் போவார்கள்.

அப்புறம் துரவு. நான்கு அதிகாரிகள் அரசனிடம் போய், இவன் பேச்சால் சிப்பாய்களின் கை தளர்கிறது, கொன்றுவிட வேண்டும் என்றார்கள். அந்த நால்வரில் இருவரின் பெயர் பொறித்த முத்திரைகள் 2005-இலும் 2008-இலும் எருசலேமில் கிடைத்தன. அரசன், உங்கள் இஷ்டம் என்று கையை விரித்தான். எரேமியாவைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில்லாத துரவுக்குள் இறக்கினார்கள். சேறு. அதில் புதைந்தார்.

அவரைக் காப்பாற்றியது யார்? ஊர்க்காரன் ஒருவனும் இல்லை. எபெத்மெலேக் என்று ஒரு கூஷியர், எகிப்துக்குத் தெற்கேயிருந்து வந்த கறுப்பின மனிதர், அரண்மனை ஊழியர். அந்தப் பெயருக்கே அரசனின் ஊழியன் என்றுதான் அர்த்தம். அவர் நகர வாசலில் உட்கார்ந்திருந்த அரசனிடம், எல்லோர் முன்னிலையிலும் போய், இவர்கள் செய்தது அநியாயம், அவர் பட்டினியால் செத்துப்போவார் என்றார். அனுமதி வாங்கி, ஆட்களைக் கூட்டிக்கொண்டு, போகிற வழியில் கிட்டங்கியில் நுழைந்து கிழிசல் துணிகளை எடுத்துக்கொண்டார். கயிறு அறுக்காமல் இருக்க இதை அக்குளுக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள் என்று மேலேயிருந்து சொல்லி, மெதுவாகத் தூக்கினார். நாற்பது வருடம் பேசிய பேச்சுக்குக் காது கொடுத்தவர் யார் என்று தேடினால், இந்த வெளிநாட்டு ஊழியர்தான் என் கண்ணில் முதலில் படுகிறார். நீ பிழைப்பாய் என்று பிற்பாடு அவருக்குத் தனியாக ஒரு வார்த்தை வருகிறது.

நகரம் கி.மு. 587 அல்லது 586-இல் விழுந்தது. கோயிலை எரித்தார்கள். பாபிலோன் தளபதி எரேமியாவிடம், எங்களோடு வந்தால் நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் இஷ்டப்பட்ட இடத்துக்குப் போ என்றான். அவர் மிச்சமிருந்த ஏழைகளோடு தங்கினார். இதை அவருடைய எதிரிகள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். கொஞ்ச நாளில் அங்கேயும் கொலை, குழப்பம். பயந்துபோன மக்கள் அவரிடம் வந்து, நல்லதோ கெட்டதோ, கடவுள் என்ன சொன்னாலும் கேட்கிறோம், விசாரித்துச் சொல்லுங்கள் என்று சத்தியம் செய்தார்கள். பத்து நாள் காத்திருந்து, எகிப்துக்குப் போகாதீர்கள் என்றார். நீ பொய் சொல்கிறாய், பாருக்குதான் உன்னைத் தூண்டிவிடுகிறான் என்றார்கள். நாற்பது வருடம் அவர் சொன்னது கண்ணெதிரே நடந்து முடிந்த பிறகும்! எகிப்துக்குக் கிளம்பியவர்கள் அவரையும் கூட்டிக்கொண்டே போனார்கள்.

அங்கே போயும் பேசினார். ஒரு கூட்டத்தில் பெண்கள் எழுந்து, நாங்கள் வானத்து ராணிக்கு அப்பம் சுட்டுப் படைத்த காலத்தில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை, நிறுத்திய பிறகுதான் எல்லாம் போயிற்று, நீ சொல்வதைக் கேட்க மாட்டோம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். அவர்களை நான் சுலபமாகக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்குத் தெரிந்த கணக்கு அது, பானையில் இருந்த அரிசிக் கணக்கு மாதிரி. எரேமியா அதற்கும் பதில் சொன்னார். யார் வார்த்தை நிற்கிறது என்று பார்ப்போம் என்றார். அதற்குப் பிறகு அவர் எங்கே இறந்தார், எப்படி இறந்தார் என்று அந்த நூல் சொல்லவில்லை. சுருளை மட்டும் யாரோ காப்பாற்றி வைத்தார்கள். அதனால்தான் இன்று நானும் நீங்களும் அவரைப் பற்றிப் பேசுகிறோம்.

அந்த அம்மா இன்றும் வந்திருக்கிறார், மூன்றாவது வரிசையில், மகளோடு. அம்மா, அன்றைக்கு நான் சொல்லாமல் போன பதில் இவ்வளவுதான். போதுமா என்று தெரியவில்லை. போதவில்லை என்றால் டீ குடிக்கும்போது திட்டுங்கள்.

ஒரு அறிவிப்பு. அடுத்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளின் விவரம் எடுக்கிறோம். பெற்றோர் ஐசி, கல்யாணப் பத்திரம், பள்ளிக்கூடக் கடிதம், எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். இரண்டு நகல். போன தடவை பேனா போதவில்லை, ஆளுக்கு ஒன்று எடுத்து வந்தால் நல்லது.